கரடி வெட்டாத குழி

மலையடிவாரக் காடு ஒன்றில், பிள்ளைகளே, உண்ணித் தொல்லை தலைவிரித்தாடியது. மானும் முயலும் மரத்தில் உரசி உரசி உடம்பைப் புண்ணாக்கிக்கொண்டன.

அங்கே ஒரு கரடி இருந்தது. அதற்கு மூளை கொஞ்சம் அதிகம். பூந்திக்கொட்டைத் தோலைச் சட்டியில் போட்டுக் காய்ச்சியது. நுரை பொங்கி வந்தது. அதில் குளித்த மானுக்கு உண்ணியெல்லாம் உதிர்ந்துபோயிற்று. மிச்ச நீரைக் கரடி தரையில் கொட்டியது, மண் குடித்துக்கொண்டது.

சேதி பரவாமல் இருக்குமா? யானை முதல் எலிவரை வந்து வரிசை கட்டி நின்றன. சட்டி எந்த மூலைக்குப் போதும்! பெரிய பாறைக்குழியில் பொழுதெல்லாம் காய்ச்சியது கரடி. இப்போது மண்ணால் குடித்து மாளவில்லை. அழுக்கு நுரை வழிந்து ஓடையில் இறங்கியது.

அந்த ஓடையில்தான் கரடியின் சிநேகிதியான நீர்நாய் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தது. மீன் கிடைத்தால்தான் குட்டிகளுக்குச் சாப்பாடு. நுரை பட்ட மீன்கள் மூச்சு முட்டி மேலே வந்து வாயைப் பிளக்கின்றன என்று நீர்நாய் வந்து சொன்னது.

கரடிக்கு வழி தெரியாமல் இல்லை. ஒரு குழி வெட்டி, மணலும் கரியும் நிரப்பி, நுரைநீரை அதில் இறக்கி வடிக்கலாம். தெளிந்த நீரை மறுபடியும் காய்ச்சிக்கொள்ளலாம். சக்கையை மரத்தடியில் உரமாகப் போடலாம். எல்லாம் அதன் மனசுக்குள் தயாராக இருந்தது. ஆனால் யானையே வந்து கும்பிட்டு நிற்கும்போது அடுப்பை விட்டு எழுந்திருக்க யாருக்கு மனசு வரும்?

“இந்தக் கூட்டம் கலையட்டும், வெட்டிவிடுகிறேன்” என்றது கரடி.

“கூட்டம் என்றைக்கு அண்ணே கலையும்?” என்று கேட்டுவிட்டு நீர்நாய் போய்விட்டது.

கூட்டம் கலையவே இல்லை. ஒருநாள் காலையில் ஓடை முழுக்க மீன்கள் செத்து மிதந்தன. கரடி பதறி ஓடியது. பசியில் துவண்ட ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு, இன்னொன்று பின்னால் தள்ளாடி வர, நீர்நாய் கரையேறிக்கொண்டிருந்தது. கரடியைக் கண்டதும் குட்டியைக் கீழே வைத்தது.

“நீங்கள் கெட்டவர் இல்லை அண்ணே. தெரியாதவரும் இல்லை. அதனால்தான் என் மனசு ஆறவில்லை.”

நீர்நாய் குட்டியைக் கவ்விக்கொண்டு மேட்டைத் தாண்டிப் போயிற்று.

அன்றைக்கே கரடி அடுப்பை அணைத்தது. கூட்டத்தைத் திருப்பி அனுப்பியது. நகம் தேயத் தேயக் குழி வெட்டியது. மணல் கொட்டியது, கரி கொட்டியது. நுரைநீர் உள்ளே இறங்கித் தெளிந்து வந்தது.

வேலை முடிந்தபோது சூரியன்கூட இன்னும் மறையவில்லை. இவ்வளவுதானா என்று கரடி குழியின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதது.

நீதி: ஒன்றை ஆக்கும்போதே அதன் கழிவுக்கும் வழி செய்; பிறகு வெட்டும் குழி போனவரைத் திருப்பிக் கொண்டுவராது.