கேப்டன் சொன்னதா, பொட்டு சொன்னதா?

உறையூரில் ஒரு குரு இருந்தார். தொழிலுக்குப் பல் டாக்டர்.

பெயர் ஜெசிந்தா. வயது முப்பத்தைந்து இருந்தால் அதிகம். சீடர்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது. அவரைக் குருவாக்கியது மடமும் இல்லை, ஆசிரமமும் இல்லை. ‘ஆகாயத் தோணி’ ரசிகர் மன்றம்.

ஆகாயத் தோணி தெரியாதவர்கள் பாவம், அவர்களுக்காகச் சொல்கிறேன். அது ஒரு தொலைக்காட்சித் தொடர். தோணி என்று ஒரு விண்கலம், அதற்கு நெடுங்கோ என்று ஒரு கேப்டன், அவருக்குத் துணையாக நெற்றியில் சிவப்பு விளக்கு எரியும் ஒரு ரோபோ. விளக்கை வைத்து அதற்குப் பெயர் பொட்டு. பூமியை விட்டுக் கிளம்பிய தோணி முப்பது வருஷத்துக்கு மேலாகக் கோள் கோளாகப் போய்க்கொண்டே இருக்கிறது. நடிகர்கள் மாறினார்கள், கம்பெனி கை மாறியது, ஐந்து பாகம் முடிந்து ஆறாவது வரப்போகிறது. ரசிகர்கள் மட்டும் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் கூடிச் சண்டை போட்டார்கள்.

சண்டை முற்றினால் டாக்டரிடம் போக வேண்டும் என்பது மன்றத்து வழக்கம். ஒருவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம். பதிலாக அவர் எதைச் சொன்னாலும், எதைச் செய்தாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். இத்தனை மரியாதை அவருக்கு எப்படி வந்தது? வாய்க்குள் கையை விட்டிருப்பவரை யார் எதிர்த்துப் பேச முடியும் என்பார்கள் பொறாமைக்காரர்கள்.

அந்தப் புதன்கிழமை இருதயராஜ் வந்தார். பொன்மலைப் பட்டறையில் ஃபிட்டர். மன்றத்தில் மூத்தவர். முகம் முழ நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

“குருவே, ஒரு கேள்வி.”

“சேர்ல உக்காருங்கண்ணே. வாயைத் திறங்க.”

“பல்லுல ஒண்ணும் இல்ல. மனசுலதான்.”

“திறங்க, பார்ப்போம்.”

திறந்தார். டாக்டர் பஞ்சை அடைத்துவிட்டுக் கடைவாய்ப் பல்லைச் சுரண்ட ஆரம்பித்தார். இருதயராஜ் தன் வழக்கை அப்படியே சொன்னார். வெறும் ‘ஆ’வும் ‘ஊ’வுமாகத்தான் வந்தது. டாக்டருக்குப் புரிந்தது, ஏனென்றால் ஊருக்கே தெரிந்த வழக்கு அது.

இந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்கப்போகும் ஆறாம் பாகத்தில் கேப்டன் நெடுங்கோ கிடையாதாம். இனிமேல் பொட்டுதான் கேப்டனாம்.

செய்தி வந்த அன்றே மன்றம் இரண்டாகப் பிளந்தது. இயந்திரம் எப்படிடா கேப்டன் ஆகும் என்று பழசுக்குக் கொடி பிடித்தார் இருதயராஜ். ஆனால் என்ன, ஆகட்டுமே என்று புதுசுக்குக் கொடி பிடித்தார் கமாலுதீன். பாலக்கரையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். இருவரும் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரே வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். எந்தப் பாகத்தின் முதல் நாளையும் பிரிந்து பார்த்ததே இல்லை. ஒருமுறை இருதயராஜுக்கு அம்மை போட்டிருந்தபோதுகூட, கமால் ஜன்னலுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கூடவே பார்த்தார்.

இப்போது இரண்டு மாதமாகப் பேச்சு இல்லை.

பேச்சு நின்றதற்குக் காரணம் ஒரு காட்சி. முதல் பாகத்தில் வரும் பனிக்கோள் கதை. தோணியின் விளக்கெல்லாம் அணைந்துவிடும். ஆளுக்கொரு மூலையில் மாட்டிக்கொண்டு தவிப்பார்கள். அப்போது இருட்டிலிருந்து ஒரு குரல் வரும்: “பயப்படாத. பேசிக்கிட்டே இரு. உன் குரலைப் புடிச்சுக்கிட்டு நான் வந்துருவேன்.”

ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் இருதயராஜ் இந்தக் காட்சியை நடித்துக் காட்டுவார். பார்ப்பவர்களுக்குக் கண் கலங்கும். இதைக் கேட்டே மன்றத்தில் சேர்ந்தவர்கள் உண்டு. மன்றத்தின் டீ-ஷர்ட்டில் அந்த வசனம்தான் அச்சடித்திருக்கிறது, கீழே ‘கேப்டன் நெடுங்கோ’ என்று பெயரோடு.

இந்த வருஷம் கமால் எழுந்து, “அதைச் சொன்னது கேப்டன் இல்ல, பொட்டு. பொட்டுக்கு அன்னிக்கே கேப்டன் ஆகுற தகுதி வந்துருச்சு” என்று சொல்லிவிட்டார்.

இருதயராஜுக்கு அது நெஞ்சில் குத்தியது. அந்தக் குரல்தான் அவருக்குத் தோணி. தொடரின் ஒவ்வொரு புதுப் பாகத்தையும் அந்த ஒரு குரலோடு ஒப்பிட்டுத்தான் குறை சொல்லி வந்தார். முதல் பாகம் ஒரே ஒருமுறை ஒளிபரப்பானதோடு சரி, பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அதனால் நிரூபிக்கவும் வழியில்லை.

டாக்டர் பஞ்சை எடுத்தார். “இப்பக் கேளுங்க.”

“எது அசல் தோணி, குருவே? நம்மளோடதா, இவனுங்க புதுசா ஓட்டுறதா? புதுசுதான்னு சொன்னீங்கன்னா ஞாயித்துக்கிழமை நான் வரமாட்டேன். இனிமே எப்பவுமே வரமாட்டேன்.”

“முதல் பாகம் இந்த வாரம் கம்பெனி செயலியில வந்துருக்கு. தெரியுமா?”

தெரியும். பொட்டு கேப்டன் ஆன அன்றே, அந்தக் கம்பெனியின் செயலியைத் தொடுவதில்லை என்று இருதயராஜ் மன்றத்தின் நடுவில் சபதம் போட்டுவிட்டார். தன் உயிரான முதல் பாகம் அதில்தான் வரப்போகிறது என்று பிறகுதான் தெரிந்தது. சபதத்தை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

“ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு வாங்க” என்றார் டாக்டர். “கமால் அண்ணனையும் கூட்டிட்டு வாங்க.”

“நான் அவன்கிட்டப் பேசுறதில்லயே.”

“பேசச் சொல்லலையே. கூட்டிட்டுத்தான் வரச் சொன்னேன்.”

இருதயராஜ் மறுநாள் கண்ணாடிக் கடைக்குப் போனார். கமால் நிமிர்ந்து பார்த்துவிட்டு, துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தார். கடை முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடிகள். இருதயராஜ் ஒன்றின் முன்னால் நின்று, தன் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

“ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு டாக்டர் வரச் சொன்னாங்க.”

கமால் இன்னொரு கண்ணாடிக்குத் திரும்பித் தலை வாரிக்கொண்டே பதில் சொன்னார்:

“வர்றேன்னு சொல்லிரு.”

ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கில் நிற்க இடமில்லை. பழசு ஒரு பக்கம், புதுசு ஒரு பக்கம். தியேட்டர் மாதிரி இருக்கட்டும் என்று வழக்கம்போல ஷட்டரை இறக்கினார்கள். டாக்டர் தன் செல்போனைத் தொலைக்காட்சியோடு இணைத்தார்.

“என் சபதம்…” என்று இழுத்தார் இருதயராஜ்.

“இது என் போனு. இது சபதம் எடுக்கல.”

அறை சிரித்தது. பனிக்கோள் கதை ஓட ஆரம்பித்தது. அட்டைச் சுவர், அலுமினியத்தாள் சுற்றிய பொட்டு, வேட்டி உலர்த்தும் கயிறுபோல ஒயர்கள். இருதயராஜுக்கு உடம்பெல்லாம் பூரித்தது. ஓரக்கண்ணால் பார்த்தார். கமாலும் வாயைப் பிளந்துகொண்டுதான் இருந்தார்.

தோணியின் எஞ்சின் முக்கி முனகி நின்றது. அறை மூச்சைப் பிடித்துக்கொண்டது. இதோ, இப்போது விளக்கு அணையும்.

“எரிபொருள் குழாயில் அடைப்பு, கேப்டன்” என்றது பொட்டு.

நெடுங்கோ ஒரு ஸ்பேனரை எடுத்துக் குழாயில் இரண்டு தட்டுத் தட்டினார். எஞ்சின் ஓடியது. தோணியில் எல்லோரும் கைதட்டினார்கள். பெயர்கள் மேலே ஏறின.

முடிந்தது.

“எங்க?” என்றார் இருதயராஜ்.

“எங்க அது?” என்றார் கமால்.

“வெட்டிட்டானுங்க!” என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள். இரண்டு மாதத்தில் அவர்கள் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

டாக்டர் இருதயராஜைப் பார்த்தார். “இதை அன்னிக்கு எங்கண்ணே பார்த்தீங்க?”

“இவன் வீட்டுலதான். எங்க வீட்டுல ஏது டிவி?”

“விளக்கு அணைஞ்சது தோணியிலயா, கமால் அண்ணன் வீட்டுலயா?”

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

கமால்தான் முதலில் வாயைத் திறந்தார். “கரண்டு போச்சுடா.”

இருதயராஜ் மெல்லத் தலையாட்டினார். “எஞ்சின் நின்ன உடனே.”

“அத்தா மெழுகுவத்தி வாங்கக் கடைக்குப் போனாரு. மீதிக் கதையை நம்மளே ஆடினோம்.”

“நீ கேப்டன்.”

“நீ பொட்டு. உங்க அக்காவோட ஸ்டிக்கர் பொட்டை நெத்தியில ஒட்டிக்கிட்டு வந்திருந்த.”

“எனக்கு இருட்டுன்னா உயிர் போயிரும். அலமாரி இடுக்குல ஒட்டிக்கிட்டு நின்னேன். அப்பத்தான நீ சொன்ன, பேசிக்கிட்டே இரு, வந்துருவேன்னு. கேப்டன்தான்டா சொன்னாரு!”

“நான் எங்கடா சொன்னேன்? நானே கட்டிலுக்கு அடியில பூந்துக்கிட்டு அழுதுக்கிட்டுக் கிடந்தேன். நீதான் சொன்ன. பொட்டுதான் சொல்லுச்சு.”

“நீ சொன்னதைத்தான் நான் திருப்பிச் சொன்னேன்.”

“இல்லடா, நீ சொன்னதைத்தான் நான்…”

இருவரும் நிறுத்திவிட்டார்கள். இத்தனை வருஷமாகக் கேப்டனுக்காகத் தொண்டை கிழியக் கத்தியது யாருக்காக என்று இருதயராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. எதிரில் நின்றவர் பொட்டுவுக்காக மல்லுக்கு நின்றதும் யாருக்காக என்று சேர்ந்தே உறைத்தது. மூக்கைச் சிந்துவதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பின்வரிசையில் ஒருவர் தன் டீ-ஷர்ட்டை இழுத்துக் குனிந்து படித்தார். “அப்ப இது தொடர்லயே இல்லாத வசனமா? நான் இதைப் போட்டுக்கிட்டுத்தான் பொண்ணு பாக்கப் போனேன்!”

அவ்வளவுதான். பழசும் புதுசும் ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள் என்பதே கலைந்துபோனது. கமால் வந்து இருதயராஜ் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“செயலியில வந்து நாலு நாளாச்சு. நீயாவது பார்த்திருக்கலாமே மாப்ள” என்றார் இருதயராஜ்.

“நீ இல்லாம முதல் பாகத்தை எப்படிடா பாக்குறது?”

இருதயராஜ் அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். டாக்டர் பக்கம் திரும்பினார். “குருவே, இப்பவாவது சொல்லுங்க. எது அசல் தோணி?”

“மணியாச்சு. முதல்ல புதுசைப் பார்ப்போம்.”

ஆறாம் பாகம் ஆரம்பமானது. இருதயராஜ் முதலில் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். பொட்டு கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்தபோது, “தூ” என்றார். நாற்காலி தனக்குப் பொருந்தவில்லை என்று அது எழுந்து நின்றுகொண்டபோது ஒன்றும் சொல்லவில்லை. யாரும் இல்லாத அறையில் நெடுங்கோவின் தொப்பியை அது தூசு தட்டி வைத்தபோது கட்டியிருந்த கை அவிழ்ந்தது. கடைசிக் கட்டத்தில் நாற்காலி நுனிக்கு வந்து, முன்னால் இருந்தவரின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வெளியே வெறும் ஆகாயம். உயிர் எதுவும் இருக்கவே முடியாத இடம். தோணியின் கதவை வெளியிலிருந்து யாரோ தட்டுகிறார்கள்.

“பொட்டு… நான்தான். கதவைத் திற.”

நெடுங்கோவின் குரல். அவரேதானா, அவர் குரலில் பேசும் வேறு ஏதாவதா? ஆட்கள் வேண்டாம் வேண்டாம் என்று அலறுகிறார்கள். பொட்டுவின் நெற்றி விளக்கு துடிக்கிறது. அதன் கை மெல்ல எழுந்து கதவின் பிடியை நோக்கிப் போகிறது…

திரை அணைந்தது. விளக்கும் மின்விசிறியும் சேர்ந்தே நின்றன. ஷட்டர் போட்ட அறையில் கும்மிருட்டு.

“ஐயோ, கரண்டு போச்சு!” என்று அறையே அலறியது.

“போகல” என்றது டாக்டரின் குரல், மெயின் சுவிட்ச் இருக்கும் மூலையிலிருந்து. “நான்தான் நிறுத்தினேன்.”

யாரோ செல்போன் விளக்கைப் போட்டார்கள்.

“அணைங்க” என்றார் டாக்டர். அணைத்தார்கள்.

இருதயராஜால் பொறுக்க முடியவில்லை. புதன்கிழமையிலிருந்து நெஞ்சில் சுமந்த கேள்வி எங்கே போனதென்றே அவருக்குத் தெரியவில்லை. இருட்டில் எழுந்து நின்று கத்தினார்.

“குருவே, இது அநியாயம்! பொட்டு கதவைத் திறந்துச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க!”

“கேப்டனும் பொட்டும் பக்கத்துல பக்கத்துலதான உக்காந்திருக்கீங்க?” என்றார் டாக்டர். “மீதிக் கதையை நீங்க சொல்லுங்க. நாங்க கேக்குறோம்.”