அடைப்பக்காரரின் பிறவி நோக்கம்

பூங்கழனி ராஜா சௌந்தரகேசரிக்கு எதில் குறை? யானை இருந்தது, தேர் இருந்தது, மாமனார் வீட்டுச் சீராக வந்த ஒரு மலையே இருந்தது. இருந்தும் மனுஷனுக்குத் தூக்கம் வரவில்லை. 'நான் எதற்காகப் பிறந்தேன்?' என்று ஒரு கேள்வி உள்ளே புகுந்து குடைந்துகொண்டிருந்தது. வேலைவெட்டி இல்லாவிட்டால் யாருக்கும் வருவதுதான். ராஜாவுக்கு வந்தால் ஊரையே பிடித்து ஆட்டும், அதுதான் தொல்லை.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் லட்சியானந்தர். அவரவர் பிறவி நோக்கத்தைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அவருக்குத் தொழில். முதுகு வரை சடை, முழங்கை வரை கங்கணம், பேச்சோ பாகு.

"மகாராஜா, இந்த அரண்மனையில் ஒருவருக்கும் சுய முத்திரை இல்லை. அதனால்தான் நோக்கமும் இல்லை!"

"சுய முத்திரையா? அப்படியென்றால்?"

"தங்களுக்குக் கட்டியம் கூறுகிறார்கள். 'ராஜாதி ராஜ, ராஜ மார்த்தாண்ட' என்று காதில் விழுந்தால்தானே தாங்கள் ராஜா என்பது தங்களுக்கே உறைக்கிறது? அதுபோல எல்லாருக்கும் ஒரு கட்டியம் வேண்டும். அதை முழுசும் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். பாதியில் நிறுத்தினால் நோக்கமும் பாதியில் நின்றுவிடும்."

ராஜா சொக்கிப்போனார். அன்றே ஆணை பிறந்தது. பட்டத்தை முழுசும் சொல்லாமல் யாரும் யாரையும் கூப்பிடக்கூடாது. முழுசும் காதில் விழாமல் அசைந்தால் வேலை போச்சு.

அப்புறம் நடந்த கூத்தைக் கேட்கவா வேண்டும்! தண்ணீர் கொடுக்கிற செவ்வந்தி, 'தாகாந்தகார நாசினி, சீதள கங்காப் பிரவாகினி, கண்டகுகர சஞ்சீவினி செவ்வந்தி' ஆனாள். மந்திரியின் பட்டத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்க வந்தது மறந்துபோனது. சமையற்கட்டில் உப்பு கேட்பதற்குள் குழம்பு அடிப்பிடித்தது.

பட்டம் வாங்காதவர் ஒருவர்தான். ராஜாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கிற அடைப்பக்காரர் மாசிலாமணி.

"உமக்கு என்ன பட்டம் வேண்டும்?" என்றார் லட்சியானந்தர்.

"எதுக்கு சாமி? நான் மடிக்கிறேன், மகாராஜா வாய் சிவக்க மெல்லுகிறார். எனக்கு அது போதும்."

"போதுமா! போதும் என்கிறவன் பிறவியையே வீணடிக்கிறான், மகாராஜா!"

அவருக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்கிறீர்களா? அவருக்கு ஒரு மைத்துனர் இருந்தார். மாசிலாமணியின் வெள்ளி வெற்றிலைப் பெட்டியை அந்த மைத்துனர் ஏற்கெனவே இரண்டு தரம் தடவிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

ராஜா தீர்ப்புச் சொன்னார். "மாசிலாமணி, நாளை சபை கலைவதற்குள் உன் நோக்கம் என்னவென்று சொல். இல்லாவிட்டால் பெட்டியை அவர் மைத்துனரிடம் கொடுத்துவிட்டு நடையைக் கட்டு."

மாசிலாமணிக்கு அது அப்பா விட்டுப்போன வேலை. அவருக்கு அதைத் தவிர வேறொன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. "நோக்கமாம் நோக்கம்!" என்று சுவரைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் சபை கூடியது. மைத்துனர் புது வேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றார். ராஜா, "முதலில் வெற்றிலை, அப்புறம் நோக்கம்," என்று கையை நீட்டினார். மாசிலாமணி மடித்துக் கொடுத்தார். என்ன மடித்தார், எப்படி மடித்தார் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ராஜா இரண்டு தரம் மென்றார். கண் பிதுங்கியது.

"ஆ! ஹா... ஆ!"

சுண்ணாம்பு! நாக்கு வெந்துபோனது. எதிரே செம்பும் கையுமாகச் செவ்வந்தி நிற்கிறாள். ராஜா ஜாடை காட்டினார். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது, ஆனால் கால் நகரவில்லை. பட்டம் கேட்காமல் அசைந்தால் வேலை போகுமே!

"தாகா... தாகாந்..." என்று ராஜா முக்கினார். வெந்த நாக்கில் கங்காப் பிரவாகம் வருமா? மந்திரியைப் பார்த்தார். அவர் கைகட்டித் தன் பட்டத்துக்காகக் காத்திருந்தார். கட்டியக்காரனும் அப்படியே. லட்சியானந்தரின் பட்டம்தான் எல்லாவற்றையும்விட நீளம். அவர் கண்ணை மூடி நிதானமாக நின்றார்.

உயிர் போகிற வேதனையில் ராஜா கத்தினார்: "ஏய்!"

"இதோ வந்தேன் மகாராஜா!"

ஒரே எட்டில் மாசிலாமணி செம்பைப் பிடுங்கி ராஜாவின் வாயில் கவிழ்த்தார். கொப்பளிக்க வைத்தார். மடியிலிருந்து தேங்காய்க் கீற்றை எடுத்து மெல்லக் கொடுத்தார். ராஜாவுக்கு மூச்சு வந்தது.

லட்சியானந்தர் கண்ணைத் திறந்தார். "அக்கிரமம்! பட்டத்தை முழுசும் சொல்லாமலே வந்துவிட்டான்! ஆணையை மீறிவிட்டான்!"

"எனக்குத்தான் பட்டமே இல்லையே சாமி," என்றார் மாசிலாமணி. "என்வரைக்கும் 'ஏய்' என்பதுதான் முழுசு. அதை முழுசும் கேட்டுவிட்டுத்தான் வந்தேன்."

சபை கொல்லென்று சிரித்தது. "ஆணை ரத்து!" என்று ராஜா குழறினார். செவ்வந்தி செம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். மைத்துனர் மெல்லப் பின்வரிசைக்கு நகர்ந்தார்.

ஆனால் ராஜா லேசுப்பட்டவரா? முகத்தைத் துடைத்துக்கொண்டு மாசிலாமணியை முறைத்தார்.

"அதெல்லாம் சரி. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட உன் கையில் சுண்ணாம்பு கூடியதில்லை. இன்றைக்கு மட்டும் எப்படிக் கூடியது? உண்மையைச் சொல்!"

மாசிலாமணி குனிந்து கும்பிட்டார்.

"இத்தனை வருஷமும் வெற்றிலையை நினைத்துக்கொண்டு வெற்றிலை மடித்தேன், மகாராஜா. இன்றைக்குத்தான் என் பிறவி நோக்கத்தை நினைத்துக்கொண்டு மடித்தேன்."

ராஜா சிரித்தார். வெந்த வாய் வலிக்க வலிக்க, "ஐயோ, அம்மா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கழுத்து மாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார். லட்சியானந்தருக்கு வாசலைக் காட்டினார். பிறகு கையை நீட்டினார்.

"இன்னொன்று மடி, மாசிலாமணி. தயவுசெய்து எதையும் யோசிக்காதே."