ஒரே கொத்து, அப்புறம் கெத்து!

குளக்கரைக் காட்டுப் பறவைகளிடையே அம்மை பரவத் தொடங்கியது. மரங்கொத்தி வைத்தியர் தடுப்பு மருந்து அரைத்தார். மூக்கை அதில் தோய்த்து இறக்கையில் ஒரே ஒரு கொத்து. அவ்வளவுதான்! ஆனால் ஒரு குருவிகூட வரவில்லை.

"நல்ல கோஷமாகச் சொல்லிக் கூப்பிடுங்கள்!" என்றார் தலைவர் மயில்.

கரிச்சான் முந்திக்கொண்டது. எந்தப் பறவையின் குரலும் அதற்கு அத்துப்படி. "பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட பறவைப் பெருமக்களே! நோய்த்தடுப்பு எனும் நல்வாய்ப்பினை..."

அது முடிப்பதற்குள் நாரை தூங்கிவிட்டது.

காடை கூச்சத்தோடு சொன்னது: "ஒரே கொத்து! அப்புறம் கெத்து!"

காடே இறக்கை தட்டியது. மறுநாள் காலை வரிசை குளத்தையே சுற்றி நின்றது.

கரிச்சானுக்கு வயிறு எரிந்தது. 'நாலடி பறந்தால் மூச்சு வாங்குகிற உருண்டைக் காடைக்கு இவ்வளவு புகழா? என் பிள்ளையே அவள் பாட்டைத்தான் பாடுகிறான்!'

புதருக்குள் ஒளிந்தது. ஆந்தைக் குரலில் முழங்கியது: "ஒரே கொத்து! மறுநாள் செத்து!"

உடனே கிளிக் குரல்: "ஐயோ, எங்க சித்தப்பா போயிட்டாரே!"

அடுத்து மைனாக் குரல்: "எங்க மரத்துல மூணு பேருங்க!"

வரிசை சிதறி ஓடியது. கரிச்சான் விழுந்து விழுந்து சிரித்தது.

நாலாம் நாள் அதன் குஞ்சு முனகியது. கண்ணோரமெல்லாம் கொப்புளம்!

"அடியே, கொத்து போடலையா?" என்று அலறியது கரிச்சான்.

"வரிசையிலதாங்க நின்னோம்," என்று அழுதது மனைவி. "செத்துடும்னு ஆந்தையாரே சொன்னாரு. பிள்ளையோட ஓடி வந்துட்டேன். கிளியோட சித்தப்பாகூடப் போயிட்டாராமே, பாவம்!"

கரிச்சான் மரங்கொத்தி வைத்தியரைக் கூட்டிவரப் பறந்தது.

குஞ்சு பிழைத்தது. ஒரு கண் போய்விட்டது.

கரிச்சான் மரம் மரமாகப் பறந்தது. "ஆந்தை, கிளி, மைனா எல்லாம் நான்தான்! பொய் சொன்னேன்! காடையம்மா சொன்னதுதான் சரி. ஒரே கொத்து! அப்புறம் கெத்து!"

"யாருப்பா இது? கேட்காத குரலாக இருக்கிறதே!" என்றது நாரை.

"என் சொந்தக் குரல்தான், அண்ணே," என்றது கரிச்சான். "முதலில் நீங்கள் வரிசைக்குப் போங்கள்!"

அடுத்தவர் புகழைப் பொறுக்காமல் பரப்பும் பொய், சுற்றிவந்து நம் வீட்டுப் பிள்ளையின் மேல்தான் விழும்.