கரடிக்கு யோசனை சொன்ன சருகுமான்

ஓடைக்கரைக் காட்டில் புள்ளியம்மா என்றொரு சருகுமான் இருந்தாள். உடம்பு முயல் அளவுதான். காது மட்டும் கூர்மையோ கூர்மை.

பதினோரு வருஷமாக அந்தக் காட்டில் முறையீடு கேட்பது அவள் வேலை. எளியவரை வலியவர் மிதித்தால் அவளிடம் போய்ச் சொல்வார்கள். அவளும் நேரில் போய்க் கால்தடம் பார்ப்பாள், இரண்டு பக்கமும் விசாரிப்பாள், பிறகுதான் தீர்ப்பு. ஒரு கோடையில் காட்டுப்பன்றிகள் முயல்களைத் தண்ணீரில் வாய்வைக்க விடாமல் விரட்டின. கோரைப்பல்லைக் காட்டிக்கொண்டு வந்த பன்றியின் முன்னால் ஓரடிகூட நகராமல் நின்று, "இந்த ஓடையை உன் பாட்டனா தோண்டினான்?" என்று கேட்டவள் அவள். அன்றைக்கே முயல்கள் வயிறு முட்டக் குடித்தன.

அப்படிப்பட்டவள் திடீரென்று அந்த வேலையை விட்டாள். காரணம் ஒரு காடை. மயில்கள் அதன் கூட்டைப் பிடுங்கிக்கொண்டன. புள்ளியம்மா ஆறு நாள் விசாரித்து, கூடு காடைக்கே என்று சொன்னாள். கூடு திரும்பி வந்தது. ஆனால் முட்டைகள் குளிர்ந்து கெட்டுப்போயிருந்தன.

"நல்ல தீர்ப்புதான் தாயி. கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம்" என்றது காடை.

அந்தச் சொல் அவளைத் தூங்கவிடவில்லை. காயம் பட்ட பிறகு போய் நிற்பதைவிட, படுவதற்கு முன்னால் போக வேண்டும் என்று தோன்றிவிட்டது. அதனால் வேலை வாங்குகிறவர்களிடமே போய், ஆட்களை எப்படி எடுப்பது, எப்படி நடத்துவது என்று யோசனை சொல்லத் தொடங்கினாள்.

முதலில் கூப்பிட்டவன் சடையன் என்ற கரடி. வருஷாவருஷம் போல மழைக்கு முன்னால் ஓடைக்குக் குறுக்கே கரை கட்டிக்கொண்டிருந்தான். கரைக்கு மண் சுமந்தவர்களுக்கெல்லாம் அதன் மேட்டில் ஒரு வளை உண்டு. வெள்ளம் அங்கே ஏறாது. வேலை நடந்ததோ இல்லையோ, உழைத்தும் வளை கிடைக்கவில்லை என்று அவன்மேல் முறையீடு குவிந்தது.

"இத்தனை வருஷம் முறையீடு கேட்டவளுக்கு, அதை எழும்பாமல் அமுக்குற வழியும் தெரிஞ்சிருக்கும். அதைச் சொல்லு" என்றான்.

அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மூன்று நாள் கரையில் மண் சுமந்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னாள். நேரில் பார்க்காமல் எதையும் சொல்வது அவள் வழக்கமில்லை.

மண்கூடையோடு அவளைப் பார்த்த குரங்குகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நியாயம் பேசின வாயில கரடி தேனைத் தடவிட்டான் பாரு" என்று அவள் காதுபடவே சொல்லின. கேட்டும் கேட்காத மாதிரி மண்ணைச் சுமந்தாள்.

காலையில் சடையன் பாறைமேல் ஏறிப் பேர் கூப்பிடுவான். குரல் வந்தால் ஆள் வந்ததாக அர்த்தம். தொடர்ந்து மூன்று நாள் குரல் வராதவருக்கு மேட்டு வளை கிடையாது. அவன் பாட்டன் காலத்து முறை அது. குரங்குகள் மலை எதிரொலிக்க "உள்ளேன் ஐயா" என்று கத்தும். அடுத்த பேரைக் கூப்பிடுவதற்குள் அத்திமரத்தில் ஏறிவிடும்.

இரண்டாம் நாள் கரைக்குள்ளிருந்து ஏதோ சுரண்டும் சத்தம் அவள் காதில் விழுந்தது. சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போனாள். நண்டு தோண்டி, தண்ணீர் அரித்து அகலமாக்கிய பொந்துக்குள் ஓர் உடும்பு, உள்பக்கமாகக் களிமண்ணை அப்பி அடைத்துக்கொண்டிருந்தது.

"பேர் கூப்பிட்டானே, கேட்கலையா?"

"கேட்டுச்சுக்கா. உஸ்ஸுன்னு பதிலும் சொன்னேன். எனக்கிருக்கிற தொண்டை அவ்வளவுதான். மேலே ஏறிப் போய்ச் சொல்லலாம்னா, அதுக்குள்ள தண்ணி இந்தப் பொந்தைப் பிளந்துடும்."

முந்தின நாளும் அப்படித்தான் ஆயிற்றாம். நாளைக்கும் குரல் எட்டாவிட்டால் வளை போய்விடும். உடும்பின் வயிறு நிறைய முட்டை. ஓடையோரப் பள்ளத்தில் இட்டால் முதல் வெள்ளமே கொண்டுபோய்விடும்.

பழைய வேலையாக இருந்தால் முறையீடு கொடுக்கச் சொல்லியிருப்பாள். விசாரித்து முடிப்பதற்குள் மழை வந்துவிடும். உடும்புக்குப் பதிலாக அவளே குரல் கொடுக்கலாம். அப்புறம் அடுத்த வருஷம் யார் கொடுப்பார்கள்?

மூன்றாம் நாள் விடிந்ததும் சடையன் முன்னால் போய் நின்றாள். "இன்னைக்குப் பாறையில ஏறாதே. கரையோரமா நடந்து போய், அவங்கவங்க வேலை செய்யிற இடத்துல பேர் கூப்பிடு."

சடையனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முறையீட்டை அமுக்க வழி கேட்டால் தன்னை நடக்கச் சொல்கிறாளே என்று உறுமினான். அந்த உறுமலுக்குப் பன்றிகளே ஓடும். புள்ளியம்மா அசையவில்லை.

"அமுக்குறதுக்கு வேற ஆளைப் பாரு. முறையீடே வராம இருக்கணும்னா, நட."

முனகிக்கொண்டே நடந்தான்.

குரங்குகளின் பங்குக்கு விட்ட கரையில் ஒரு குரங்கும் இல்லை. மண் வெடித்து நீர் கசிந்துகொண்டிருந்தது. பேரைக் கூப்பிட்டான். "உள்ளேன் ஐயா" என்று அத்திமரத்து உச்சியிலிருந்து பதில் வந்தது, பழம் மென்ற வாயோடு.

அடுத்து உடும்பின் பொந்துக்கு எதிரே நின்று அதன் பேரைக் கூப்பிட்டான். அவன் காதில் எதுவும் விழவில்லை. "பார்த்தியா, வரலை" என்றான்.

"கையை உள்ளே விடு."

பொந்துக்குள் கையை விட்டான். ஒரு சின்னக் கை அவன் விரலை இறுக்கிப் பிடித்தது. சுற்றிலும் தடவினான். களிமண் பாறை மாதிரி இறுகியிருந்தது. அப்படி அடைத்த பொந்துகள் இன்னும் பல. கசிகிற இடத்தையும் இறுகிய இடத்தையும் மாறிமாறிப் பார்த்தான்.

"இத்தனை நாளா நான் யாரைக் கூப்பிட்டுக்கிட்டிருந்தேன்?" என்றான் மெதுவாக.

உடனே எல்லாரையும் கூட்டிக் கசிந்த இடத்தை அடைத்தான். குரங்குகளைத் துரத்தப் போனவனைப் புள்ளியம்மா தடுத்து, உயர்ந்த மரத்துக் கழிகளை ஒடித்துப் போடும் வேலையை அவற்றுக்குக் கொடுக்கச் சொன்னாள். ஏறத் தெரிந்தவை ஏறட்டுமே. அன்றிலிருந்து குரங்குகளும் ஒழுங்காக வேலை செய்தன.

ஐந்தாம் நாள் மழை கொட்டியது. கரை நின்றது. மேட்டின் நல்ல வளையில் உடும்பு இருபது முட்டை இட்டது, ஒன்றுகூட நனையவில்லை. புள்ளியம்மா அதற்குள் யானைகள் ஆள் எடுக்கும் இடத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

குரல் எட்டாதவர் இருக்கும் இடத்துக்குத் தானே நடந்து போய்ப் பார்க்கிறவர்தான், நியாயத்தை உண்மையாகவே காப்பாற்றுகிறவர்.