வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின்னால் ஆறு

முட்டங்கிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. உறுப்பினர் நாற்பது பேர். மூளையைச் சங்கத்துக்கென்று மொத்தமாக எழுதிக்கொடுத்துவிட்டதால் தனித்தனியாக யாரிடமும் இல்லை.

செயலாளர் தவசியாண்டி இருபத்திரண்டு வருஷம் அடிவாங்கியவர். தலைவர் நாற்காலி மட்டும் வாய்க்கவில்லை. காரணம் முதலாளியல்ல, போலீசுமல்ல, கீரிப்பூச்சி. போன தேர்தலில் "மாசிலாமணியை ஆதரிப்பவர்கள் எழலாம்" என்ற நேரம் பார்த்துப் பின்புறம் அரித்தது. எதிரிக்காகத் தானே துள்ளி எழுந்தார். ஒரே ஓட்டில் மாசிலாமணி தலைவர். போலீஸ் தடிக்கு அசையாத இடம் நூல் பருமன் புழுவுக்கு அசைந்துவிட்டதே என்று தவசியாண்டிக்கு ஆறாத கசப்பு.

இந்தத் தேர்தலுக்கு ஒரு வாரம் முன்னால் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"காலையில வெறும் வயித்துல ஒண்ணே ஒண்ணு போடுங்க. கூட இருக்கறவங்களுக்கும் பூச்சி இருக்கும், எல்லாரும் போடணும்" என்று டாக்டரம்மா சங்கத்துக்கே மாத்திரை கொடுத்தார்.

ஒன்றில் நம்பிக்கை வராமல் கடைத்தெரு டாக்டரிடமும் போனார். அவர் வேறு மாத்திரை எழுதினார். காலை ஒன்று, இரவு ஒன்று, மூன்று நாள். "சாப்பாட்டுக்குப் பின்னால போடுங்க."

எது உசத்தி? செயற்குழு கூடியது.

"ஒத்தை மாத்திரை சங்கத்துல சேராத ஆளு" என்றான் குப்பமுத்து. "பூச்சி தனியாக் கூப்பிட்டுப் பேசி மடக்கிடும். ஆறு பேருன்னா அது சங்கம்."

"ஆறுல ஒருத்தன் கருங்காலியா இருந்தா?" என்றான் லோகிதாசன்.

"அதுக்குத்தான் நாளுக்கு ரெண்டு பேரு. ஒருத்தனை ஒருத்தன் பாத்துக்குவான்."

ஆறு ஜெயித்தது. தவசியாண்டி சோற்றுத் தட்டுக்குப் பின்னால் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் எறும்பு இழுத்துக்கொண்டு போயிருந்தது. ஆறு வேளையும் அதே கதை. அரிப்பும் அதே அரிப்பு.

"பூச்சி மாத்திரையைப் பூச்சிதான் தின்னிருக்கு" என்று குப்பமுத்து ஆறுதல் சொன்னான். "ஆனா வேற சங்கத்துப் பூச்சி."

இனி ஒத்தை மாத்திரைதான் கதி.

"வெறும் வயிறுன்னா?"

"சட்டை போடாத வயிறு" என்றான் குப்பமுத்து.

"பனியன்?"

"பனியன் இருந்தா அது பனியன் வயிறு, தோழர்."

தேர்தலன்று காலை மாசிலாமணி நீங்கலாக முப்பத்தொன்பது பேரும் பந்தலில் சட்டை, பனியன் கழற்றி மல்லாந்து படுத்தார்கள். தொப்புளுக்கு ஒன்றாக இனிப்பு மாத்திரை.

"தவசியாண்டியை ஆதரிப்பவர்கள் எழலாம்" என்றார் மாசிலாமணி.

யாரும் எழவில்லை. எழுந்தால் மருந்து உருண்டுவிடுமே.

தவசியாண்டி கலங்கவில்லை. மாசிலாமணிக்கும் எவனும் எழப்போவதில்லை; தேர்தல் நடத்துகிற தலைவருக்கோ ஓட்டுக் கிடையாது. இருவருக்கும் ஓட்டு இல்லையென்றால் மூத்தவருக்கே நாற்காலி என்பது சங்க விதி. இன்னும் ஒரு நிமிஷம் அசையாமல் கிடந்தால் போதும்.

"மாசிலாமணியை ஆதரிப்பவர்கள்..."

அரித்தது. துள்ளி எழுந்தார்.

ஒரு ஓட்டு. மாசிலாமணி ஏகமனதாகத் தலைவர்.

"ஏன் தோழர் எழுந்தீங்க?" என்றான் குப்பமுத்து, படுத்தபடியே.

"அரிக்குதுய்யா!"

"அரிக்கத்தான் செய்யும். பூச்சி வெளியேறுதுல்ல?" என்று தன் வயிற்றைப் பெருமையோடு காட்டினான். தொப்புளைச் சுற்றி எறும்புச் சாரை. "எனக்குப் பாருங்க, ஊர்வலமே கிளம்பிடுச்சு. கொடி ஒண்ணுதான் பாக்கி."