பரிசலைக் கவுத்தது யாரு

ஒரே ஒரு ஊர்ல, ஆத்துக்கு இந்தப் பக்கம், செங்கோடன்னு ஒரு பரிசக்காரன் இருந்தானாம். பொஞ்சாதி வெள்ளையம்மா, மக சிட்டு. பாலம் இல்லாத ஊரு. கல்யாணப் பொண்ணோ காய்ச்சக்காரனோ, யாரா இருந்தாலும் அவன் துடுப்புப் போட்டாத்தான் அக்கரை.

அதே ஊர்ல சாராயக்காரன் மாரப்பன். தேனாப் பேசுவான். "தோள் வலிக்குமே மச்சான், கொஞ்சம் குடி"ன்னான், செங்கோடன் குடிச்சான். அப்புறம் "தூக்கம் வரலையா மச்சான், கொஞ்சம் குடி"ன்னான், குடிச்சான். அப்புறம் ஒருநாள் விடிஞ்சு எந்திரிச்சா கை கிடுகிடுன்னு நடுங்குது. "அதுக்கும் இதுதான் மருந்து மச்சான்"ன்னான், அதையும் குடிச்சான். பாருங்க கண்ணுங்களா, நோயைக் குடுத்தவனே மருந்தும் விக்கிறான்!

"இனி தொடமாட்டேன்"னு சிட்டு தலையில கை வச்சு மூணு தடவை சத்தியம் பண்ணினான். மூணு தடவையும் பொழுது சாயறதுக்குள்ள மாரப்பன் வாசல்ல நின்னான். பொய்ச் சத்தியம் இல்ல, பண்ணும்போது நெசமாத்தான் பண்ணினான்.

அப்புறம் ஒருநாள் காலைல கண்ணைத் தொறந்தா, சிட்டு கையில மூங்கிப் பத்தை வச்சுக் கட்டியிருக்கு. முகமெல்லாம் சிராய்ப்பு. பதறிப் போயிட்டான்.

"என்னடி ஆச்சு பிள்ளைக்கு?"

"பரிசல் கவுந்துடுச்சு"ன்னா வெள்ளையம்மா.

"எந்தப் பாவி எடுத்தான் என் பரிசலை? அவன் கையை வெட்டுறேன்!"னு அரிவாளைத் தூக்கினான். வெள்ளையம்மாவைக் கேட்டான், அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்டான், அவன் உள்ள போயிட்டான். கடைசியா சிட்டுவைக் கேட்டான்.

"நீதாம்ப்பா. நேத்து சாயங்காலம் நீதான் துடுப்புப் போட்ட. பாறை, பாறைன்னு கத்தினேன். நீ சிரிச்சுக்கிட்டே இருந்த."

அரிவா கீழ விழுந்துச்சு. அவனுக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. பிள்ளை அலறினதுகூட! தன் கையைத் தானே எவனோ திருடன் கையைப் பாக்கற மாதிரி பாத்தான்.

"இன்னிக்கே குடியை விட்டேன்"னு கதவைச் சாத்திக்கிட்டான். மறுநாள் வேர்த்துக் கொட்டுது, சுவத்துல பாம்பு ஊருதுங்கறான், வலிப்பு வந்து விழுந்துட்டான். கட்டிலோட தூக்கிட்டு ஓடினாங்க பக்கத்து ஊரு வைத்தியச்சி தீத்தம்மா கிட்ட.

"ஊறிப்போன உடம்பும்மா, தனியா திடீர்னு நிறுத்தினா உசுரையே வாங்கிடும். இங்க விடு"ன்னா தீத்தம்மா.

செங்கோடன் தெளிஞ்சதும், "நான் கெட்டவன், ஆத்துல போடுங்க"ன்னான்.

"இது நோய்ப்பா. மருந்து நான் குடுப்பேன். ஆனா பிள்ளை கை ஒடிஞ்சதுக்கு நீதான் பதில் சொல்லணும்."

அங்க அவனை மாதிரியே குடியில விழுந்து எந்திரிச்சவங்க தினமும் வட்டமா உக்காந்து பேசுவாங்க. "என்னைப் பெத்தவ சாவுக்கே நான் போகல"ன்னான் ஒரு குயவன். செங்கோடனுக்குத் தூக்கிவாரிப் போட்டுது. நாம மட்டும் இல்லையா! அப்புறம் அவனும் வாயைத் தொறந்து, "நான் என் பிள்ளை கையை ஒடிச்சேன்"னான். சொன்னப்புறம்தான் அழுகை வந்துச்சு.

மாரப்பன் விடுவானா? மோர்னு சொல்லி ஒரு கலயத்தோட வந்தான். "ஒரு சொட்டு, மச்சான்." செங்கோடனுக்கு வாய் ஊறுது, கை நீளுது. ஆனா, "ஐயோ, யாராவது வாங்களேன், என்னால தனியா முடியல!"ன்னு கத்தினான் பாருங்க, வட்டத்துல இருந்த அத்தனை பேரும் ஓடி வந்து மாரப்பனைப் பிடிச்சு, அந்த ஊரை ஆண்ட ராசா முன்னால நிறுத்திட்டாங்க.

ராசா சொன்னாரு: "நீ இனி தீத்தம்மா வீட்டுல வாந்தி அள்ளு."

அள்ளினான். ஒருத்தன் வந்தான், இன்னொருத்தன் வந்தான், வந்துக்கிட்டே இருந்தாங்க. மாரப்பன் வாளியைக் கீழ வச்சுட்டு வாசலைப் பாத்தான். "இவ்வளவு பேரா? இதெல்லாம் நான் ஊத்தினதா?"

"ஆமா"ன்னா தீத்தம்மா. "அள்ளு."

சிட்டு கை எலும்பு கூடிச்சு. ஆனா அப்பா பரிசல்ல ஏற அவளுக்கு ரொம்ப நாளாச்சு. செங்கோடன் ஏறுன்னு சொல்லவே இல்ல, காத்திருந்தான். ஒருநாள் அவளா வந்து ஏறினா.

கை நடுங்கினா ஒளிச்சு வைக்காதீங்க, நாலு பேரைக் கூப்பிடுங்க. கதை கரை ஏறிடுச்சு, நீங்க பாய்ல ஏறுங்க.