வட்டத்தில் உட்கார்ந்த நீர்நாய்

மலையடிவாரக் காட்டில், ஆற்றங்கரை மருத மரத்தடியில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. மானும் மயிலும் முயலும் குரங்கும் அங்கே ஒன்றாகப் படித்தன. பெரிய வகுப்பில் ஆண்டுதோறும் மாணவர் தலைவர் தேர்தல் நடக்கும். அந்த ஆண்டு ஜெயித்தவள் காந்தள் என்ற மிளா மான் பெண்.

"இந்தப் பள்ளிக்கூடத்துல யாரையும் ஒதுக்க விடமாட்டேன்! இது என் வாக்கு!" என்று தொண்டை கட்டுகிற மட்டும் பேசித்தான் ஜெயித்தாள். ஏமாற்றுப் பேச்சு இல்லை. மனதார நம்பித்தான் சொன்னாள். அதைக் கேட்டு முதல் ஆளாகக் கை தட்டியவள் குமிழி.

குமிழி ஒரு நீர்நாய்ப் பெண். மலை மேலே ஓடை வற்றிப் போனதால், அம்மாவோடு கீழே இந்த ஆற்றுக்கு அக்கரையில் குடிவந்தவள். வகுப்பில் நீர்நாய் என்று அவள் ஒருத்திதான்.

மதியம் எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு வாய் நீட்டிவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். அது அந்தப் பள்ளியின் வழக்கம். கரடி வாத்தியார் அந்த நேரம் ஒரு தூக்கம் போடப் போய்விடுவார். சாப்பாட்டு வேளைக்குத் தலைவிதான் பொறுப்பு.

தேர்தல் நடந்த அன்றுதான் குமிழி பள்ளியில் சேர்ந்திருந்தாள். அன்று மதியம் இலையைப் பிரித்தாள். உள்ளே பளபளவென்று மீன்!

"காந்தள், இந்தா! நடுக்கண்டம். முள்ளே இருக்காது!"

"எனக்குப் புல்லுதான் இறங்கும் குமிழி. நீ கொடுத்ததே போதும்!" என்று காந்தள் சிரித்தாள்.

நீலன் என்ற மயில் மூக்கைச் சுளித்தான். "அய்யே! என்ன நாத்தம்! குடலைப் புரட்டுது!"

சொன்னது யார்? வருகிற வழியில் ஓணானை முழுசாக விழுங்கிவிட்டு வந்தவன்! அலகைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

"ஒண்ணு அந்த மீன் இருக்கணும், இல்ல நாங்க இருக்கணும்! ஆண்டு விழாவுல ஒரு மயில்கூட ஆடாது, பாத்துக்கோ!" என்றான் நீலன். குரங்குகளும் "ஆமா, ஆமா!" என்று கத்தின.

 காந்தள் தலைவியாக இருந்து நடத்தும் முதல் விழா அது. மயில் ஆடாவிட்டால் விழாவைப் பார்க்க யார் வருவார்கள்? குமிழியைத் தனியே கூப்பிட்டாள்.

"தப்பா எடுத்துக்காதேடி. இன்னிக்கு மட்டும் அந்தப் பாறைக்குப் பின்னாடி உக்காந்து சாப்பிட்டுட்டு வந்துடு. நாளைக்கு நான் அவங்ககிட்ட பேசிக்கிறேன்."

"அதுக்கென்ன! என்னால உனக்கு எதுக்குச் சங்கடம்!" என்று குமிழி இலையைச் சுருட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் விழாவுக்கு ஒத்திகை. அதற்கு மறுநாள் முயல்களுக்குள் சண்டை, பஞ்சாயத்து. இப்படியே பேச வேண்டிய பேச்சு தள்ளிப்போனது. பாறைக்குப் பின்னால் குமிழி தனியாகவே சாப்பிட்டாள்.

ஒரு நாள் அவள் ஓட்டமாக வந்தாள். இலையில் நாவல் பழம்!

"நான் பழம் தின்னக் கத்துக்கிட்டேன்! இப்ப வட்டத்துல உக்காரலாம்ல?"

நீலன் இலையை மோந்து பார்த்தான். அவள் வாயையும் மோந்து பார்த்தான். பிறகு நகர்ந்து இடம் விட்டான். காந்தள் "அப்பாடா!" என்று பெருமூச்சு விட்டாள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. தலைவிக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் நீர்நாயின் வயிறு பழத்துக்குப் படைத்த வயிறா? குமிழியின் மயிர் மங்கியது. விலா எலும்பு தெரிந்தது. ஒரு நாள் அவள் புதருக்குப் பின்னால் வாந்தி எடுப்பதைக் காந்தள் கண்ணாலேயே பார்த்துவிட்டாள்.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. பழகிடும்."

"வீட்டுலயாவது மீன் தின்னேன்!"

"தின்னா மறுநாளும் வாய்ல வாடை நிக்குது. நீலன் கண்டுபிடிச்சுடுவான். மறுபடி பாறைக்குப் பின்னாடி போகச் சொல்லிடாதே காந்தள்!"

 காந்தள் போய் நீலனை நாலு கேள்வி கேட்கத்தான் காலை எடுத்து வைத்தாள். ஆனால் மறுநாள் விழா. 'விழா முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்' என்று திரும்பிவிட்டாள். பாழாய்ப்போன விழா!

விழா பிரமாதமாக நடந்தது. மயில்கள் ஆடின. காந்தள் எழுந்து பேசினாள். "எங்கள் குமிழியைப் பாருங்கள்! பழம் தின்னப் பழகி எங்களில் ஒருத்தியாகவே ஆகிவிட்டாள்! எங்கள் பள்ளியில் வேற்றுமையே கிடையாது!"

காடே கை தட்டியது. குமிழி எழுந்து வணங்கினாள். கால் நடுங்கியதால் மரத்தைப் பிடித்துக்கொண்டுதான் வணங்கினாள்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஆறு பெருகி ஓடியது. அவரவர் வீட்டுக்கு ஓடினார்கள். குமிழி மட்டும் ஆற்றைக் கடக்க வேண்டும். நீர்நாய்க்குத் தண்ணீரில் என்ன பயம்? ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் அவள் வரவில்லை. அவள் அம்மா வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"என் பொண்ணு போயிட்டாப்பா. கீழே மணல் திட்டுல ஒதுங்கிக் கிடந்தா."

"நீர்நாய் ஆத்தோட போகுமா?" என்று ஒரு முயல் வாய்விட்டே கேட்டது.

"தெம்பு இருந்தா போகாதுப்பா. மீனைத் தொட்டு எத்தனையோ நாளாச்சு. கெஞ்சினேன், அடிச்சுக்கூடப் பாத்தேன். கேக்கலையே!"

நீலன் தோகையைச் சுருட்டிக்கொண்டு தலையைத் தொங்கப் போட்டான். அம்மா காந்தளைப் பார்த்தாள்.

"நீதானே காந்தள்? வீட்டுக்கு வந்தா உன் பேச்சுத்தான். 'எங்க தலைவி என்னை வட்டத்துல சேத்துக்கிட்டாம்மா'ன்னு அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். நீ நல்லா இருக்கணும் தாயி!"

காந்தள் அப்படியே மடங்கி உட்கார்ந்தாள்.

"நான் சேத்துக்கல அம்மா!" என்று கதறினாள். "அவ பட்டினி கிடந்தா. அது தெரிஞ்சும் நான் வாயைத் திறக்கல!"

 அம்மா மறுபடி வாழ்த்தவும் இல்லை, திட்டவும் இல்லை. ஆற்றை நோக்கி நடந்துவிட்டாள்.

ஒருவரை அவருடைய சாப்பாட்டோடும் பழக்கத்தோடும் தன் பக்கத்தில் உட்கார வைக்கத் துணியாத தலைமை, சண்டையில்லாமல் ஊரை நடத்தினாலும் ஓர் உயிரைக் காப்பாற்றாது.